ஜோஹானா தீவில் ஒரு பகல்: கசாண்ட்ரா சண்டை, 1720

1720 நவம்பர் 16-ம் தேதி பம்பாயிலிருந்து ஜேம்ஸ் மெக்ரே என்ற கப்பல் கேப்டன் ஒரு கடிதம் எழுதினார். தலையில் துப்பாக்கிக் குண்டு பட்டு அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவர் ஓட்டி வந்த கசாண்ட்ரா என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் கொள்ளையர் கையில் போய்விட்டது. எப்படிப் போனது, யார் யார் என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் மணிக்கணக்கோடு அந்தக் கடிதத்தில் எழுதி வைத்தார். அந்த நாளைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அதிலிருந்து வருவதுதான்.

பாய்மரக் காலத்துக் கடற்கொள்ளையர் சண்டை என்றதும் இரண்டு சண்டைகளைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். ஒன்று, 1718 நவம்பரில் வட கரோலினாவின் ஓக்ரகோக் அருகே பிளாக்பியர்ட் செத்த சண்டை. இன்னொன்று, 1722 பிப்ரவரியில் ஆப்பிரிக்காவின் லோபெஸ் முனையில் பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் செத்த சண்டை. இரண்டிலும் கொள்ளையருக்கு எதிரே நின்றது அரசின் கடற்படை. சண்டை போடுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர்கள் அவர்கள். ஜோஹானாவில் எதிரே நின்றது ஒரு சரக்குக் கப்பல். அதன் மாலுமிகள் கம்பெனியின் துணி மூட்டைகளை இந்தியாவுக்குக் கொண்டுபோகக் கூலிக்கு வந்தவர்கள். அவர்கள் இரண்டு கொள்ளைக் கப்பல்களை ஒரு பகல் முழுவதும் தாங்கி நின்றார்கள். அதனால்தான் மற்ற இரண்டையும்விட இந்தச் சண்டையை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். இதில் தைரியத்துக்கு இரண்டு பக்கமும் பஞ்சமில்லை. முடிவைத் தீர்மானித்தது, குண்டு எட்டாத தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு கம்பெனிக் கப்பல்.

இடமும் ஆட்களும்

ஜோஹானா என்று அன்றைய ஆங்கிலேயர்கள் சொன்ன தீவு, இன்றைய கொமோரோஸ் நாட்டின் அஞ்சுவான். மடகாஸ்கருக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் நடுவே இருக்கும் மலைத்தீவு. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மொசாம்பிக் கால்வாய் வழியாக இந்தியாவுக்கு வரும் கப்பல்களுக்கு அதுதான் இடைத்தங்கல். நல்ல தண்ணீர், மாட்டிறைச்சி, எலுமிச்சை எல்லாம் அங்கே கிடைத்தன. மாதக்கணக்கில் கடலில் கிடந்து ஈறு வீங்கிய மாலுமிகளுக்கு அந்த எலுமிச்சையே மருந்து. தீவை ஆண்ட முஸ்லிம் அரசருக்கும் ஆங்கிலக் கப்பல்களுக்கும் நல்ல உறவு இருந்தது. இந்த உறவு பின்னால் ஓர் உயிரைக் காப்பாற்றப் போகிறது.

1720 ஜூலை 25-ம் தேதி கசாண்ட்ராவும் ரிச்சர்ட் கிர்பி கேப்டனாக இருந்த கிரீன்விச் கப்பலும் சேர்ந்து அங்கே நங்கூரம் போட்டன. கிரீன்விச்சும் கம்பெனிக் கப்பல்தான். இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆஸ்டெண்ட் துறைமுகத்தைச் சேர்ந்த 22 பீரங்கிக் கப்பல் ஒன்றும் அதே குடாவில் இருந்தது.

கரையில் 14 பேர் தோணிகளில் வந்து சேர்ந்திருந்தார்கள். விசாரித்தால், கொள்ளைக்காரர்கள். ஒலிவியே லெவாஸர் என்ற பிரெஞ்சுக்காரனின் ஆட்கள் அவர்கள். லா பூஸ் என்ற பட்டப்பெயரில்தான் அவனை எல்லோருக்கும் தெரியும். அவனுடைய 28 பீரங்கிக் கப்பல் பக்கத்துத் தீவான மயோட்டாவில் மோதி உடைந்துவிட்டது. கேப்டனும் நாற்பது பேரும் அங்கேயே உட்கார்ந்து புதுக்கப்பல் கட்டிக்கொண்டிருந்தார்கள். மெக்ரேயும் கிர்பியும் கூடிப் பேசினார்கள். கப்பல் இல்லாத கொள்ளைக்காரர்கள், கையெட்டும் தூரத்தில். போய் அடித்து நொறுக்கினால் கம்பெனிக்குப் பெரிய உதவியாக இருக்கும் என்று முடிவானது. அதற்குப் புறப்படத் தயாராக இருந்த நிலையில்தான் ஆகஸ்ட் 17 விடிந்தது.

காலை எட்டு மணிக்கு இரண்டு கப்பல்கள் குடாவுக்குள் நுழைவது தெரிந்தது. ஒன்றில் 34 பீரங்கி, மற்றதில் 30. அவை எட்வர்ட் இங்லண்ட், டெய்லர் என்ற இரண்டு கொள்ளைத் தலைவர்களின் கப்பல்கள். இங்லண்டின் கப்பல் பெயர் ஃபேன்சி, டெய்லருடையது விக்டரி.

இங்லண்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1718-ல் பஹாமாஸ் தீவுகளின் நாசோவுக்கு வூட்ஸ் ரோஜர்ஸ் ஆளுநராக வந்து, சரணடைந்தவர்களுக்கு மன்னிப்பும் மற்றவர்களுக்குத் தூக்கும் என்று அறிவித்தபோது, மன்னிப்பு வேண்டாம் என்று கிளம்பிய கூட்டத்தில் இங்லண்டும் ஒருவர். கரீபியனை விட்டு ஆப்பிரிக்காவின் கினியாக் கரைக்கு வந்து கொள்ளையடித்து, அங்கிருந்து இந்தியப் பெருங்கடலுக்கு வந்தார். பிடிபட்டவர்களைத் தேவையில்லாமல் துன்புறுத்தாதவர் என்று பெயர். கொள்ளையர் கூட்டத்தில் அது நல்ல பெயரா கெட்ட பெயரா என்பது சீக்கிரமே தெரிந்தது.

சண்டை

கொள்ளைக் கப்பல்களைக் கண்டதும் மெக்ரே கிரீன்விச்சுக்குப் போனார். அங்கே சண்டைக்கு மும்முரமாகத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் விடாமல் நிற்போம் என்று இரு கேப்டன்களும் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். ஆஸ்டெண்ட் கப்பலின் கேப்டனும் மனதாரச் சண்டை போடுகிறேன் என்றார். மெக்ரே தன் கப்பலுக்குத் திரும்பினார்.

அப்புறம் பாய் விரித்துக் கிளம்பும்போது காற்று தன் வேலையைக் காட்டியது. மலைத்தீவுகளில் கரைக்காற்று ஒரே சீராக வீசாது. மலையிடுக்கும் பள்ளத்தாக்கும் திறந்திருக்கும் இடத்தில் பலமாக வரும், மலை மறைக்கும் இடத்தில் செத்துக் கிடக்கும். கிரீன்விச்சுக்கு எதிரே அகலமான பள்ளத்தாக்கு ஒன்று இருந்தது. அதன் காற்று கிரீன்விச்சை வேகமாகத் தள்ளிக்கொண்டு போனது. கசாண்ட்ராவுக்கும் அதற்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஆஸ்டெண்ட் கப்பலும் அந்தப் பக்கமே போய்விட்டது.

பகல் பன்னிரண்டரை மணி வாக்கில் மெக்ரே கிரீன்விச்சைப் பலமுறை கூப்பிட்டார். கவனத்தை இழுக்க அதை நோக்கி ஒரு குண்டும் சுட்டார். பதில் இல்லை. கிர்பி ஒரு லீக் தூரம், அதாவது ஐந்து கிலோமீட்டருக்கு மேல், விலகிப்போய்க் கப்பலை நிறுத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கசாண்ட்ரா தனியாக நின்றது. எதிரே இரண்டு கப்பல்களின் கொடிமரத்திலும் கறுப்புக் கொடியும் சிவப்புக் கொடியும் பறந்தன. கறுப்புக் கொடி சரணடையச் சொல்வது. சிவப்பு ஏறினால் உயிர்ப்பிச்சை இல்லை என்று அர்த்தம்.

இந்த இடத்தில் வழக்கமாகச் சரக்குக் கப்பல்கள் பாயை இறக்கிவிடும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சரக்கு முதலாளியுடையது, உயிர் மாலுமியுடையது. சரணடைந்தவர்களைக் கொள்ளையர்கள் பெரும்பாலும் உயிரோடு விடுவார்கள். எதிர்த்தவர்களைத்தான் சித்திரவதை செய்வார்கள். கொள்ளையரின் தொழில் நடந்ததே இந்தப் பயத்தை வைத்துத்தான். சண்டை போட்டால் அவர்களுக்கும் ஆள் சாகும், பிடிக்கப்போகும் கப்பலும் சேதமாகும். கசாண்ட்ராவில் இருந்த சரக்கின் மதிப்பு 75,000 பவுன். மெக்ரே சரணடையவில்லை.

முதல் மூன்று மணி நேரச் சண்டையில் இரண்டு சம்பவங்கள் கசாண்ட்ராவைக் காப்பாற்றின. ஒன்று, பெரிய கொள்ளைக் கப்பலுக்கு நீர்மட்டத்தில் குண்டு பட்டது. மரக்கப்பலுக்கு மிக மோசமான இடம் அதுதான். மேலே பட்டால் பலகை உடையும், ஆள் சாவான், கப்பல் மிதக்கும். நீருக்குள் ஆழமான இடத்தில் குண்டு எட்டாது. நீர்மட்டக் கோட்டில் ஓட்டை விழுந்தால், கப்பல் ஒவ்வொரு முறை ஆடும்போதும் தண்ணீர் உள்ளே வரும். தச்சன் ஓடிப்போய் அடைக்கும்வரை சண்டையைக் கவனிக்க முடியாது. பெரிய கப்பல் ஓட்டையை அடைக்கக் கொஞ்சம் பின்வாங்கியது.

இரண்டாவது சம்பவம் துடுப்புகளில் நடந்தது. சின்னக் கொள்ளைக் கப்பல் காற்றை நம்பாமல் நீளத் துடுப்புகளைப் போட்டு வலித்துக்கொண்டு கசாண்ட்ராவை நெருங்கியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அரைக் கப்பல் நீளத்துக்குள்ளேயே நின்றது. அந்தத் தூரத்தில் எதிரியின் முகம் தெரியும். கொள்ளையர்கள் விரும்பியது பீரங்கிச் சண்டையை அல்ல. பக்கத்தில் வந்து ஒட்டி, கொக்கி போட்டு, கத்தியும் துப்பாக்கியுமாகத் தளத்தில் குதிக்க வேண்டும். அவர்களுடைய பலம் ஆள் எண்ணிக்கையில்தான் இருந்தது. சரக்குக் கப்பலில் கூலி மிச்சம் பிடிக்க ஆட்களைக் குறைவாகவே வைப்பார்கள், கொள்ளைக் கப்பலில் நிரம்பி வழிவார்கள். கொள்ளையர்கள் தளத்தில் குதித்தால் சண்டை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கசாண்ட்ராவின் ஆட்கள் துடுப்புகளையே குறிவைத்துச் சுட்டு, அத்தனையையும் சுக்கல் சுக்கலாக உடைத்தார்கள். சின்னக் கப்பலால் அந்தக் கடைசி முப்பது நாற்பது அடியைத் தாண்ட முடியவில்லை.

மாலை நான்கு மணி. கசாண்ட்ராவின் பின்மேல்தளத்தில் நின்ற அதிகாரிகளிலும் மாலுமிகளிலும் பெரும்பாலானோர் செத்தோ காயப்பட்டோ கிடந்தார்கள். ஓட்டையை அடைத்துக்கொண்ட பெரிய கப்பல் மறுபடி நெருங்கி வந்து, ஒரு பக்கத்துப் பீரங்கிகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப வெடித்தது. கிர்பி வருவார் என்ற நம்பிக்கை போய்விட்டது. கப்பலைக் கரையில் ஏற்றிவிட மெக்ரே முடிவு செய்தார். தரை தட்டிய கப்பல் போனது போனதுதான், ஆனால் ஆட்கள் கரையேறலாம்.

கசாண்ட்ரா, துரத்திய கப்பலைவிட நான்கு அடி அதிக ஆழத்தில் அமிழும் கப்பல். நியாயமாகப் பார்த்தால் அதுதான் முதலில் தரை தட்டியிருக்க வேண்டும், கொள்ளைக் கப்பல் மிதந்துகொண்டே பக்கத்தில் வந்து ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் கடலடி சமதரை இல்லை. கொள்ளைக் கப்பல் போன வழியில் ஒரு மேடு இருந்தது. அது அதில் ஏறிச் சிக்கிக்கொண்டது. கசாண்ட்ராவும் தட்டியது, ஆனால் இன்னும் உள்ளே போன பிறகு. ஒட்டி ஏறும் முயற்சி இரண்டாம் முறையும் தவறியது.

இப்போது இரண்டு கப்பலும் அசையாமல் நின்றன. நின்ற கோணம்தான் முக்கியம். கொள்ளைக் கப்பலின் முகப்பு கசாண்ட்ராவைப் பார்த்தபடி இருந்தது, கசாண்ட்ராவின் பக்கவாட்டு அதற்கு எதிரே இருந்தது. அக்காலக் கப்பல்களில் பீரங்கிகள் பக்கவாட்டில் வரிசையாக இருக்கும், முகப்பில் ஒன்றோ இரண்டோதான். ஆக, கசாண்ட்ரா ஒரு பக்கத்துப் பீரங்கிகள் எல்லாவற்றாலும் சுட்டது, கொள்ளைக் கப்பலால் முகப்புப் பீரங்கிகளாலேயே பதில் சொல்ல முடிந்தது. முகப்பில் நுழையும் குண்டு கப்பலின் நீளம் முழுக்க ஓடி வழியில் இருப்பதையெல்லாம் அழிக்கும். நாள் முழுக்க நடந்ததைவிட இங்கே சண்டை உக்கிரமாக இருந்தது என்றும், தன் ஆட்கள் எதிர்பாராத தைரியத்தோடு நின்றார்கள் என்றும் மெக்ரே எழுதுகிறார். அந்தக் கப்பல் கிட்டத்தட்ட அவர் கையில் இருந்தது.

மிதந்துகொண்டிருந்த மற்றக் கொள்ளைக் கப்பல் இதைப் பார்த்தது. கூடவே, கிரீன்விச் அசையவில்லை என்பதையும் பார்த்தது. மூன்று படகு நிறையப் புது ஆட்களை ஏற்றிச் சிக்கியிருந்த கப்பலுக்கு அனுப்பியது. ஐந்து மணிக்குக் கிரீன்விச் பாய் விரித்து ஆழ்கடலை நோக்கிக் கிளம்பிப் போய்விட்டது.

அதற்கப்புறம் நடந்தது கணக்குப்படி நடந்ததுதான். கிரீன்விச் போனதைக் கண்டதும், மிதந்த கொள்ளைக் கப்பல் ஒரு சிறு நங்கூரத்தைப் படகில் கொண்டுபோய்த் தூரத்தில் போட்டு, அந்த வடத்தைச் சுருட்டிச் சுருட்டித் தன்னைத்தானே கசாண்ட்ராவின் பின்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டது. பின்பக்கத்தில் நின்றால் கசாண்ட்ராவின் பக்கவாட்டுப் பீரங்கிகள் அதைத் தொட முடியாது. அத்தோடு சண்டை முடிந்தது என்று மெக்ரேக்குப் புரிந்துவிட்டது. பீரங்கிப் புகை கப்பலை மூடியிருந்தபோதே, முடிந்தவர்கள் எல்லாம் பெரிய படகில் இறங்குங்கள் என்றார். சிலர் படகில், சிலர் நீந்தி, ஏழு மணிக்குள் நடமாட முடிந்தவர்கள் பெரும்பாலும் கரை சேர்ந்தார்கள். கப்பலில் ஏறிய கொள்ளையர்கள் நகர முடியாமல் கிடந்த காயக்காரர்களில் மூன்று பேரைத் துண்டு துண்டாக வெட்டினார்கள்.

மெக்ரே தரப்பில் 13 பேர் செத்தார்கள், 24 பேர் காயம்பட்டார்கள். கொள்ளையர் தரப்பில் 90 முதல் 100 பேர் என்று அவர் கேள்விப்பட்டதை எழுதுகிறார். தோற்றவர் காதில் விழுந்த கணக்கு இது, கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் கொள்ளையர்கள் பின்னால் காட்டிய வெறியைப் பார்த்தால் இழப்பு சிறியது அல்ல.

கிர்பி கேள்வி

கிர்பிக்காக வாதாடலாம். அவர் கப்பலிலும் கம்பெனிச் சரக்கு இருந்தது. இரண்டு கப்பலும் போவதைவிட ஒன்று தப்புவது மேல் என்று ஒரு கணக்குப்பிள்ளை சொல்லலாம். காற்று அவரைத் தள்ளிக்கொண்டு போனது என்பதும் உண்மை.

இந்த வாதம் எனக்கு நிற்பதாகத் தெரியவில்லை. மெக்ரே கிர்பியிடம் கேட்டது காற்றோடு இறங்கி வரச் சொல்லித்தான். அப்படியென்றால் கிரீன்விச் காற்று வரும் பக்கத்தில், சண்டைக்கு மேலே இருந்தது. காற்றுக்கு எதிரே ஏறி வருவதென்றால் பாய்மரக் கப்பல் குறுக்கும் நெடுக்குமாக மணிக்கணக்கில் திணற வேண்டும். காற்றோடு இறங்கி வருவது அதற்கு மிகச் சுலபமான வேலை. கிர்பி நின்றது, கடற்படைக் கேப்டன்கள் ஆசைப்படும் இடம்: நினைத்தால் சண்டைக்குள் வரலாம், வேண்டாம் என்றால் விலகலாம்.

அடுத்தது, நேரம். சரக்கைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால் பன்னிரண்டரைக்கே போயிருக்க வேண்டும். நாலரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு ஐந்து மணிக்குப் போவதற்கு என்ன காரணம் சொல்வது? அவர் நின்ற நேரமெல்லாம் கசாண்ட்ராவுக்கு வீண் நம்பிக்கை. கொள்ளையருக்கோ அது ஒரு தகவல். இரண்டாவது கப்பல் எந்த நேரமும் வரலாம் என்ற பயம் இருந்தவரை அவர்கள் ஆட்களை இரண்டு கப்பலிலும் வைத்திருக்க வேண்டியிருந்தது. இவர் வரமாட்டார் என்று உறுதியான பிறகுதான் மூன்று படகு ஆட்கள் மாறினார்கள். இவர் முழுக்கப் போய்விட்ட பிறகுதான் பின்பக்கத்துக்கு வடம் போட்டார்கள். மெக்ரேயின் கடிதத்தில் இந்த இரண்டு நகர்வுகளும் கிரீன்விச்சின் நடத்தையோடு சேர்த்தே சொல்லப்படுகின்றன. அது கோபத்தில் எழுதியது என்று தள்ள முடியாது, நிகழ்ச்சிகளின் வரிசையே அப்படித்தான் இருக்கிறது.

கிர்பி வந்திருந்தால் இரண்டு கப்பலையும் பிடித்து, இரண்டு லட்சம் பவுன் கிடைத்திருக்கும் என்கிறார் மெக்ரே. இரண்டு லட்சத்தை நான் அப்படியே நம்பவில்லை. ஆனால் நான்கரை மணிக்கு ஒரு கொள்ளைக் கப்பல் தரை தட்டிச் சிதைந்து கிடந்தது. துடுப்பிழந்த இன்னொன்று மட்டுமே மிதந்தது. அந்த நேரத்தில் புதுக் கப்பல் ஒன்று காற்றோடு இறங்கி வந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லக் கடற்படைப் படிப்பு தேவையில்லை.

தீவில் பத்து நாள்

மெக்ரே சில ஆட்களோடு அரசர் இருந்த ஊருக்கு நடந்தார். தூரம் 25 மைல். மறுநாள் போய்ச் சேர்ந்தபோது, ரத்தம் போனதாலும் களைப்பாலும் பாதி உயிர்தான் இருந்தது. மெக்ரேயைப் பிடித்துத் தருபவருக்கு 10,000 டாலர் என்று கொள்ளையர்கள் தீவு மக்களிடம் அறிவித்தார்கள். பல பேருக்கு ஆசை வந்திருக்கும். அரசரும் அவருடைய பெரிய மனிதர்களும் மெக்ரே பக்கம் என்று தெரிந்ததால் யாரும் துணியவில்லை. காயத்தால் செத்துப்போனேன் என்று மெக்ரே தானே ஒரு செய்தியைப் பரப்பினார். கொள்ளையரின் கோபம் தணிந்தது.

பத்து நாள் கழித்து அவர் எடுத்த முடிவு, சண்டையைவிடத் தைரியமானது. ஊருக்குப் போக வழியில்லை, மாற்றுச் சட்டையும் செருப்பும்கூட இல்லை, காயக்கார மாலுமிகள் தன் பொறுப்பில் இருக்கிறார்கள். ஆபத்து செய்வதில்லை என்ற வாக்குறுதியை வாங்கிக்கொண்டு, நேரே கொள்ளையர் கப்பலுக்கே போனார். தான் நூறு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட அதே கூட்டத்துக்கு நடுவில்.

அங்கே அவரைக் காப்பாற்றியது பழைய அறிமுகம். கொள்ளையர்களில் பல பேர் அவரோடு முன்பு கப்பலில் வேலை செய்தவர்கள். கொள்ளைக்காரர்கள் வானத்திலிருந்து விழவில்லையே, முக்கால்வாசிப் பேர் சரக்குக் கப்பல்களிலிருந்து வந்த மாலுமிகள். சாட்டையடியும் கெட்டுப்போன இறைச்சியும் பிடித்து வைத்த சம்பளமும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கப்பலைப் பிடித்தால் அதன் மாலுமிகளிடம் “உங்கள் கேப்டன் எப்படி?” என்று கேட்பது அவர்கள் வழக்கம். பதிலைப் பொறுத்து அந்தக் கேப்டனுக்குச் சவுக்கடியோ கைகுலுக்கலோ கிடைக்கும்.

அன்று நடந்ததாக அந்தக் காலத்திலேயே அச்சேறிய ஒரு காட்சி இது. டெய்லர் தரப்பு மெக்ரேயை வெட்ட வேண்டும் என்றது. இங்லண்ட் கூடாது என்றார், ஆனால் அவர் பேச்சுக்கு முழு மதிப்பு இல்லை. சூடான மதுவை ஊற்றி டெய்லரைச் சமாதானப்படுத்தப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெரிய மீசையும் ஒரு மரக்காலுமாக, உடம்பெல்லாம் துப்பாக்கி தொங்க ஒரு ஆள் திட்டிக்கொண்டே தளத்துக்கு வந்தான். மெக்ரே எங்கே என்று கேட்டான். கொல்லத்தான் வருகிறான் என்று மெக்ரே நினைத்தார். வந்தவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இவரோடு நான் கப்பலில் வேலை செய்திருக்கிறேன், நேர்மையான மனிதர், இவரைத் தொடுபவன் எனக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றான்.

பேச்சு அதோடு திசை மாறியது. மெக்ரேயின் குண்டுகளால் சிதைந்துபோன ஃபேன்சி இனி எதற்கும் உதவாது, அதைக் கொளுத்திவிட்டுக் கசாண்ட்ராவை வைத்துக்கொள்ளலாம் என்று கொள்ளையர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். கொளுத்துவதை எனக்குத் தந்துவிடுங்களேன் என்ற அளவுக்கு மெக்ரே பேச்சைக் கொண்டுபோனார். தந்துவிட்டார்கள். கம்பெனியின் துணி மூட்டைகள் 129-ஐயும் திருப்பிக் கொடுத்தார்கள். அவருடைய சொந்தத் துணியில் ஒரு கந்தலைக்கூடக் கொடுக்கவில்லை.

கொள்ளையர்கள் செப்டம்பர் 3-ம் தேதி போனார்கள். கசாண்ட்ராவின் அதிகாரி ரிச்சர்ட் லேசன்பியை வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டார்கள். மெக்ரே தற்காலிக மரங்களை நட்டு, அவர்கள் விட்டுப்போன பழைய பாய்களைக் கட்டி, 43 பேரோடு 8-ம் தேதி கிளம்பினார். 48 நாள் பயணம். அரேபியாவுக்கும் மலபாருக்கும் நடுவே காற்றே இல்லாமல் கப்பல் அப்படியே கிடந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பைண்ட் தண்ணீர், அரை லிட்டருக்குச் சற்று அதிகம், என்ற நிலைக்கு வந்தார்கள். அக்டோபர் 26-ல் பம்பாய் சேர்ந்தபோது உடம்பில் துணியும் இல்லை, வயிற்றில் சோறும் இல்லை.

பிறகு

கொள்ளையர்கள் மலபார்க் கரைக்கு வந்தார்கள். மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயின் விஜயதுர்க்கக் கோட்டையைத் தாக்க அனுப்பப்பட்ட பம்பாய்க் கப்பற்படை வழியில் இவர்களைக் கண்டது. எண்ணிக்கையில் தங்கள் பக்கம் பலம் இருந்தும் சண்டையைத் தவிர்த்துக்கொண்டு விலகியது. ஜோஹானாவில் கிர்பி செய்ததைக் கம்பெனியின் ஒரு படையே திரும்பச் செய்தது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். கொச்சியில் டச்சுக்காரர்கள் கொள்ளையருக்கு வேண்டிய சரக்கை விற்றார்கள்.

மெக்ரே நமக்கு எதிராகவே கப்பல் தயார் செய்கிறார் என்ற செய்தி கூட்டத்துக்கு வந்ததும், அவரை விட்டுவிட்ட இங்லண்ட் மேல் கோபம் திரும்பியது. தலைமையைப் பறித்து, வேறு மூன்று பேரோடு மொரீஷியஸில் இறக்கிவிட்டார்கள். டச்சுக்காரர்கள் 1710-ல் விட்டுப்போய், பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் குடியேறாத தீவு அது. கிடைத்த பலகைத் துண்டுகளை வைத்துப் படகு கட்டி அவர்கள் மடகாஸ்கர் சேர்ந்தார்கள். இங்லண்ட் அங்கே பிச்சைக்கார நிலையில் இறந்தார்.

கசாண்ட்ரா இப்போது டெய்லரின் கப்பல். 1721 ஏப்ரலில் போர்பன் தீவில், இன்றைய ரீயூனியனில், புயலில் மரங்களும் பீரங்கிகளும் போய்ச் செயலற்று நின்ற போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்றைக் கசாண்ட்ராவும் விக்டரியும் பிடித்தன. நோஸா சென்ஹோரா தோ காபோ என்ற அந்தக் கப்பலில், கோவாவின் ஆளுநர் பதவி முடிந்து ஊர் திரும்பிய எரிசெய்ரா பிரபுவும் வைரக் குவியலும் இருந்தன. மயோட்டாவில் கப்பலிழந்து கிடந்த லா பூஸும் அந்தக் கொள்ளையில் தலைமைப் பங்காளி. மெக்ரேயும் கிர்பியும் முதலில் போட்ட திட்டப்படி அவனை அடித்திருந்தால் அது நடந்திருக்காது. 1730 ஜூலையில் அதே ரீயூனியனில் அவனைத் தூக்கிலிட்டார்கள். டெய்லர் கசாண்ட்ராவை 1723-ல் பனாமாவின் போர்ட்டோபெலோவுக்குக் கொண்டுபோய் ஸ்பானியரிடம் ஒப்படைத்து மன்னிப்பு வாங்கிக்கொண்டார்.

மெக்ரே ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர்க்காரர். ஏழைக் குடும்பத்தில் பிறந்து சின்ன வயதிலேயே கடலுக்கு வந்தவர். ஜோஹானாவுக்குப் பிறகு கம்பெனி அவரைச் சாதாரணக் கப்பல் கேப்டனாகப் பார்க்கவில்லை. சுமத்ராவின் மேற்குக் கரையில் கம்பெனியின் வீண்செலவை ஒழுங்குபடுத்த அனுப்பியது. 1725 ஜனவரியில் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநரானார். 1730 மே வரை அந்தப் பதவியில் இருந்தார். இங்கிலாந்து அரசரின் 1726-ம் ஆண்டுச் சாசனப்படி சென்னையில் மேயர் நீதிமன்றம் புதிதாக அமைந்தது அவர் காலத்தில்தான். ஊர் திரும்பிய பிறகு, மூன்றாம் வில்லியம் அரசரின் குதிரைச் சிலை ஒன்றைக் கிளாஸ்கோ நகரத்துக்குத் தன் செலவில் செய்து கொடுத்தார். அந்தச் சிலை இன்றும் அந்த ஊரில் இருக்கிறது.